கால்சியம் கொஞ்சம்தான் கூட இருக்கு என்றார்கள்

ரத்தத்தில் கால்சியம் 10.8. இந்த எண்ணை எத்தனை டாக்டர்கள் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்கள் என்று எனக்கே கணக்கில்லை. லேப் அச்சடித்திருந்த மேல் வரம்பு 10.2. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கும். "கொஞ்சம்தான் கூட இருக்கும்மா, தண்ணி நிறைய குடிங்க" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். கழுத்துக்குள் பாராதைராய்டு என்ற சின்னச் சுரப்பி ஒன்று கட்டியாகி உட்கார்ந்துகொண்டு (ஹைப்பர்பாராதைராய்டிசம் என்று இந்த நோய்க்குப் பெயர்) என் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் விட்டுக்கொண்டிருந்தது. இதைத் தெரிந்துகொள்வதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. முன்கூட்டி யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வந்தது களைப்பு. வேலை செய்து அலுத்த களைப்பு இல்லை அது. தூங்கி எழுந்ததுமே இருக்கும். படிகள் ஏறினால் தொடை விட்டுப்போகும். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு நடுவில் என்ன சொல்ல வந்தேன் என்று விழிப்பேன். ராத்திரி சிறுநீருக்கு எழுந்துகொண்டே இருப்பேன், அந்த அளவுக்குத் தாகமும் இருக்கும். சர்க்கரை இருக்குமோ என்று பார்த்தால் சர்க்கரை இல்லை. மலச்சிக்கல் தனிக்கதை. எதற்கென்றே தெரியாமல் அழுகை வரும். வயது ஐம்பதைத் தாண்டியிருந்ததால் எல்லாருக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது: மாதவிடாய் நிற்கிற நேரம், இப்படித்தான் இருக்கும். மனச்சோர்வு என்று ஒரு மாத்திரை வந்தது. எலும்பு அடர்த்தி குறைவு என்று கால்சியம் மாத்திரை வந்தது. ரத்தத்தில் ஏற்கெனவே கால்சியம் கூட இருக்கும் ஒருத்திக்குக் கால்சியம் மாத்திரை! இதை நினைத்தால் இப்போதுகூடச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வருகிறது.

நடுவில் ஒருமுறை சிறுநீரகக் கல் வந்தது. அந்த வலியை அனுபவித்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கல்லை உடைத்து அனுப்பிவிட்டார்கள். கல் ஏன் வந்தது என்று அவர்கள் தேடவில்லை. கல்லுக்கு ஒரு டாக்டர், எலும்புக்கு ஒரு டாக்டர், மனசுக்கு ஒரு டாக்டர் என்று போனேனே தவிர, மூன்றையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. எதிலும் குறை சொல்ல முடியாதபடி ஒவ்வொருவரும் தங்கள் பகுதியைச் சரியாகவே பார்த்தார்கள், அதுதான் கொடுமை. வீட்டிலும் "டெஸ்ட் எல்லாம் நார்மல்னு சொல்றாங்களே, நீ சும்மா நினைச்சுக்காதே" என்று ஆரம்பித்தார்கள். நானே என்னைச் சோம்பேறி என்று நம்பத் தொடங்கிய காலம் அது. அந்த நாட்களைத்தான் பெரிய நஷ்டமாக நினைக்கிறேன். பணமும் போனது: தலைக்கு ஸ்கேன், இதயத்துக்கு டெஸ்ட், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது என்று ஒவ்வொன்றும் தனித்தனி பில். சம்பளமில்லாத விடுப்பு வேறு. வரவேண்டிய பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன். கடைசியில் நோயைக் காட்டிக்கொடுத்த ரத்தப் பரிசோதனை இவற்றில் எதைவிடவும் மலிவானது.

இரண்டாவது முறை கல் வந்தபோது, வார்டில் என் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்த ஓர் இளம் டாக்டர், "பாராதைராய்டு ஹார்மோன் எப்பவாவது பார்த்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். தைராய்டு பார்த்தாயிற்று, நார்மல் என்றேன். "அது வேற, இது வேற" என்றார். அந்த வித்தியாசத்தை அன்றுதான் கேள்விப்பட்டேன். கழுத்தில் தைராய்டுக்குப் பின்புறம் ஒட்டினாற்போல் அரிசி மணி அளவில் பொதுவாக நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. தைராய்டோடு ஒட்டியிருந்தாலும் வேலையில் எந்த உறவும் கிடையாது. தைராய்டு டெஸ்டுகள் எத்தனை எடுத்தாலும் இவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இவை பி.டி.ஹெச். என்ற பாராதைராய்டு ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை வெளியே கொண்டுவரும், சிறுநீரகத்தில் கால்சியம் வீணாகாமல் பிடித்து வைக்கும், வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றிக் குடல் வழியாகவும் கூடுதலாக உறிஞ்ச வைக்கும். கால்சியம் போதுமான அளவு வந்ததும் சுரப்பி அடங்கிவிட வேண்டும். எனக்கு நான்கில் ஒன்று அடங்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு, அதாவது நூற்றில் எண்பது பேருக்கு மேல், இப்படி ஒரே ஒரு சுரப்பிதான் கட்டியாகிக் கெட்டுப்போகிறது. ஒன்றுக்கு மேற்பட்டவை பெருத்துப்போவதும் உண்டு. புற்றுநோயாக இருப்பது மிக அபூர்வம், நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அன்று ராத்திரி முழுக்க நான் நடுங்கினேன், அதனால் இதைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

சரி, டெஸ்ட் எடுத்தாயிற்று. பி.டி.ஹெச். 62 என்று வந்தது. அந்த லேபின் வரம்பு 15 முதல் 65. நட்சத்திரக் குறி இல்லை. "பார்த்தீங்களா, நார்மல்தான்" என்று சொல்லி வேறொரு டாக்டர் ஃபைலை மூடிவிட்டார். இங்கேதான் நிறையப் பேர் கதை நின்றுபோகிறது. என் கதையும் பல மாதங்கள் நின்றது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த 62-க்கு அர்த்தம் புரிந்தது. அவர் ஒரு தாளில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். மேலே கால்சியம் 10.8, கீழே பி.டி.ஹெச். 62. "கால்சியம் இவ்வளவு இருந்தா நல்ல சுரப்பி வாயை மூடிக்கிட்டு இருக்கணும். பி.டி.ஹெச். இருபதுக்குக் கீழே போயிருக்கணும். உங்களுக்கு அறுபத்திரண்டு. இது எப்படி நார்மல் ஆகும்?" என்றார். வரம்புக்குள் இருக்கும் எண்கூடத் தப்பான எண்ணாக இருக்க முடியும் என்பதை யாரும் எனக்கு அதுவரை சொன்னதில்லை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கவே கூடாது. கால்சியம் கூட, பி.டி.ஹெச். கூட அல்லது நடுத்தரம் என்றால் பாராதைராய்டைச் சந்தேகிக்க வேண்டும். கால்சியம் கூட, பி.டி.ஹெச். அடிமட்டத்தில் என்றால் காரணம் வேறு. வைட்டமின் டி அளவுக்கு மீறிப் போயிருக்கலாம், சில புற்றுநோய்களாலும் அப்படி ஆகும். அதைத் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். கால்சியம் சரியாகவோ குறைவாகவோ இருந்து பி.டி.ஹெச். மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் வைட்டமின் டி குறைவோ சிறுநீரகக் கோளாறோ இருக்கும். அங்கே சுரப்பி தன் வேலையைத்தான் செய்கிறது.

இந்த டெஸ்டை எப்படி எடுப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. கால்சியத்தை ஒரு நாளும் பி.டி.ஹெச்.-ஐ இன்னொரு நாளும் எடுத்து ஒப்பிட்டால் குழப்பம்தான், இரண்டும் ஒரே தடவை எடுத்த ரத்தத்தில் இருக்க வேண்டும். கூடவே அல்புமின் என்ற ரத்தப் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தக் கால்சியத்தில் கிட்டத்தட்டப் பாதி புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரிகிறது, அதனால் அல்புமின் குறைந்தால் மொத்தக் கால்சியமும் பொய்யாகக் குறைந்து தெரியும். அல்புமின் 4-க்குக் கீழே எவ்வளவு குறைகிறதோ அதை 0.8-ஆல் பெருக்கிக் கால்சியத்தோடு கூட்டிக்கொள்வார்கள். புரதத்தோடு ஒட்டாத கால்சியத்தை மட்டும் அளக்க அயனிக் கால்சியம் என்று தனியாக ஒரு டெஸ்டும் உண்டு, சந்தேகமான இடத்தில் அது உதவும். ரத்தம் எடுக்கும்போது கையில் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு நரம்பைத் தேடிக்கொண்டே இருந்தால் கால்சியம் சற்று ஏறிக்காட்டும். முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனியுங்கள்: பல லேப்களின் பி.டி.ஹெச். டெஸ்டை அது குழப்பி, எண்ணைக் குறைத்துக் காட்டிவிடும். டாக்டரிடம் சொல்லி இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் தயசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கி, மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம், இரண்டும் கால்சியத்தை ஏற்றக்கூடியவை. இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், சாப்பிடுகிறேன் என்று சொன்னால் போதும். ஒரே ஒரு முறை கூடியதை வைத்தும் முடிவு கட்டமாட்டார்கள், திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள்.

அப்புறம் அந்த 24 மணி நேரச் சிறுநீர். ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனைக் கொடுத்து அனுப்பினார்கள். காலையில் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு ஒரு துளி விடாமல் கேனில் சேர்த்து, மறுநாள் அதே நேரத்தில் வரும் சிறுநீரோடு முடிக்க வேண்டும். சில கேன்களில் அமிலம் ஊற்றியிருப்பார்கள், நேராக அதில் போகாமல் ஒரு கப்பில் பிடித்து ஊற்றுவது நல்லது. அலுவலகம் இல்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் என் யோசனை. எதற்கு இவ்வளவு பாடு என்றால், பரம்பரையாக வரும் ஒரு நிலை இருக்கிறது. அதிலும் கால்சியம் கூடும், பி.டி.ஹெச். நடுத்தரமாக நிற்கும், பார்ப்பதற்கு இதே நோய் மாதிரி இருக்கும். ஆனால் சிறுநீரில் கால்சியம் மிகக் குறைவாகப் போகும். அவர்களுக்கு ஆபரேஷன் செய்து பயனில்லை, பெரும்பாலும் தேவையும் இல்லை. அது இல்லை என்று உறுதி செய்யாமல் கத்தி வைத்தால் வெட்டு வீண். ரத்தத்தில் அளவுக்கு மீறி இருந்ததால் சிறுநீரகம் பிடித்து வைத்ததையும் தாண்டி எனக்குச் சிறுநீரில் கால்சியம் கொட்டியது, ஆகவே கல்லுக்கும் காரணம் கிடைத்தது.

வைட்டமின் டி எனக்கு மிகவும் குறைவாக இருந்தது. இந்த நோயில் அது சகஜமாம். கால்சியம் கூட இருக்கும்போது டி கொடுக்கலாமா என்று பயந்தேன். சின்ன அளவில் ஆரம்பித்து, இடையிடையே கால்சியம் பார்த்துக்கொண்டே ஏற்றினார் அந்த டாக்டர். பெரிய டோஸை நீங்களே வாங்கி விழுங்குகிற வேலை மட்டும் வேண்டாம். அதே போல், கால்சியம் கூட இருக்கிறதே என்று சாப்பாட்டில் பாலையும் தயிரையும் அடியோடு நிறுத்தச் சொல்லும் அறிவுரையும் எனக்கு நிறைய வந்தது. நிறுத்தினால் சுரப்பி இன்னும் வேகமாக எலும்பைத் தேடிப் போகும், வழக்கம்போல் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கும்போது இடுப்பு, முதுகெலும்போடு முன்கையையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இந்த நோய் முன்கை எலும்பின் கெட்டியான பகுதியைத்தான் அதிகம் தின்னும். என் முதல் ஸ்கேனில் முன்கை எடுக்கவே இல்லை. இரண்டாவதில் எடுத்தபோது மற்ற இடங்களைவிட அங்கேதான் மோசம்.

எல்லாருக்கும் உடனே ஆபரேஷன் என்று கிடையாது. கால்சியம் மேல் வரம்பைவிட 1-க்கு மேல் தாண்டியிருந்தால், வயது 50-க்குக் கீழ் இருந்தால், எலும்புத் தேய்மானமோ முதுகெலும்பு முறிவோ இருந்தால், சிறுநீரகக் கல் இருந்தால், சிறுநீரகம் மந்தமாகியிருந்தால் ஆபரேஷனைப் பரிந்துரைப்பார்கள். எனக்குக் கால்சியமும் வயதும் அந்தக் கோட்டுக்குள் வரவில்லை, கல்லும் எலும்பும் வந்துவிட்டன. ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவானவர்கள் வருஷாவருஷம் கால்சியமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்த்து, ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை எலும்பையும் பார்த்துக்கொண்டு இருக்கலாம். சினகால்செட் என்று ஒரு மாத்திரை கால்சியத்தைக் குறைக்கும், ஆனால் எலும்பை மீட்காது. வாந்தி, குழப்பம், நினைவு தடுமாற்றம் என்று வந்தாலோ கால்சியம் 14-ஐத் தொட்டாலோ அது அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டிய நிலை.

அடுத்த தடங்கல் ஸ்கேன். அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியவில்லை. செஸ்டமிபி ஸ்கேன் என்று, கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றி, கொஞ்ச நேரம் கழித்து ஒரு படமும் ஓரிரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்றும் எடுப்பார்கள். கேமரா மூக்கை உரசுவதுபோல் இறங்கி நிற்கும், அசையக்கூடாது. அதிலும் தெளிவாக எதுவும் இல்லை. ரிப்போர்ட்டைப் படித்த ஒரு சர்ஜன், "கட்டியே இல்லை, அப்ப ஆபரேஷன் எதுக்கு?" என்று அனுப்பிவிட்டார். அன்று வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நோய் இருக்கிறதா இல்லையா என்பதை ரத்தம்தான் சொல்லும். ஸ்கேன் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு மட்டும். காட்டாவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது. இந்தச் சுரப்பிகள் தைராய்டுக்குள்ளேயே புதைந்திருக்கலாம், நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கியும் கிடக்கலாம். அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டெல் என்ற கப்பல் கேப்டனுக்கு எலும்பு கரைந்து ஆளே பல அங்குலம் குட்டையாகிப் போனார். ஆறு ஆபரேஷனில் அகப்படாத கட்டி 1932-ல் ஏழாவது ஆபரேஷனில் நெஞ்சுக்குள்ளிருந்து கிடைத்தது. பாவம், சில வாரங்களிலேயே இறந்துபோனார். இதைப் படித்த பிறகு என் இரண்டு ஸ்கேன் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஆகவே சர்ஜனைத் தேடும்போது நான் கேட்ட கேள்விகள் மாறின. இந்த ஆபரேஷனை வழக்கமாகச் செய்கிறீர்களா, வருஷத்துக்கு எத்தனை செய்வீர்கள், ஸ்கேனில் தெரியாவிட்டால் நான்கு சுரப்பிகளையும் பார்ப்பீர்களா, ஆபரேஷன் நடக்கும்போதே பி.டி.ஹெச். பார்க்கும் வசதி உண்டா. இப்படிக் கேட்டால் கோபப்படுவார்களோ என்று தயங்காதீர்கள். நல்ல சர்ஜன் கோபப்படுவதில்லை. எனக்குக் கிடைத்தவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார், சாய மருந்து ஏற்றிக் கொஞ்சம் கொஞ்சம் இடைவெளியில் பல படங்கள் எடுக்கும் 4டி சி.டி. ஸ்கேன் ஒன்றை மட்டும் கூடுதலாக எடுக்கச் சொன்னார். இடது பக்கம் கீழே, உணவுக்குழாயை ஒட்டி, ஒரு நிழல் தெரிந்தது. பி.டி.ஹெச். ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே பாதியாகக் கரைந்துவிடும். அதனால் கட்டியை எடுத்துப் பத்து நிமிடம் கழித்து ரத்தம் பார்த்தால், பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறதா என்று மேஜையிலேயே தெரிந்துவிடும். எனக்கு இறங்கியது. எடுத்த கட்டி ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. நல்ல சுரப்பி ஒன்று முப்பது நாற்பது மில்லிகிராம்தான் இருக்கும்.

அன்று ராத்திரி உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வதுபோல் வந்தது. இதைப் பற்றி முன்பே சொல்லியிருந்ததால் பயப்படாமல் நர்ஸைக் கூப்பிட்டேன். அடங்கிக் கிடந்த மற்ற சுரப்பிகள் விழிக்கும் வரை, பட்டினி கிடந்த எலும்பு கால்சியத்தை இழுத்துக்கொள்ளும் வரை, ரத்தத்தில் சற்றுக் குறையும். கால்சியம் மாத்திரையில் சரியாகிவிட்டது. கை விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொண்டால் மட்டும் மாத்திரையோடு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குரல் சில நாள் கரகரப்பாக இருந்தது. குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது என்பதால் இதையும் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன மாறியது என்று எல்லாரும் கேட்கிறார்கள். தாகமும் ராத்திரி எழுந்திருப்பதும் சீக்கிரமே நின்றன. களைப்பு மெதுவாக, இரண்டடி முன்னால் ஓரடி பின்னால் என்று விலகியது. மறதி குறைந்த மாதிரிதான் இருக்கிறது, அதற்கு எண் போட்டுச் சொல்ல முடியவில்லை. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, அது வேறு கணக்குபோல. எல்லாம் பறந்துவிடும் என்று யாராவது உங்களுக்கு வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். எலும்பு அடர்த்தி ஏறியிருக்கிறது, அது ஸ்கேனில் எழுத்தாக இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்தும் கால்சியம் சரியாக இருந்தால்தான் குணமாகிவிட்டது என்று சொல்வார்கள். என்னுடையது 9.3. இனி வருஷத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

பழைய ரிப்போர்ட்டுகளை ஒருநாள் தரையில் பரப்பி, கால்சியம் என்ற வரியை மட்டும் தேதிவாரியாக எடுத்து எழுதினேன். 10.4, 10.6, 10.5, 10.8. முதல் கல்லுக்கு முன்பே ஆரம்பித்திருக்கிறது. கல் வந்தவர்கள், காரணமில்லாமல் எலும்பு தேய்ந்தவர்கள் இந்த வேலையை ஒரு தரம் செய்து பாருங்கள், அந்தத் தாளோடு டாக்டரிடம் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். இந்த நோய் சில குடும்பங்களில் வழிவழியாக வரும். முக்கியமாக இளம் வயதில் வந்தால் மரபணு டெஸ்டும் எடுப்பார்கள். என் டாக்டர் கூடப்பிறந்தவர்களுக்கும் கால்சியம் பார்க்கச் சொன்னார். தங்கைக்கு 9.4, பிரச்சினை இல்லை. அண்ணன்தான் "எனக்கு ஒண்ணுமில்லை" என்று தட்டிக்கழிக்கிறார். அவருக்கும் இரண்டு தரம் கல் வந்திருக்கிறது. இந்த மாதம் நானே லேபுக்கு இழுத்துக்கொண்டு போகப் போகிறேன். கால்சியம், அல்புமின், பி.டி.ஹெச்., வைட்டமின் டி, கிரியேட்டினின் என்று சீட்டும் வாங்கி வைத்தாயிற்று.